நோயாளியோடு வந்தவர்

எங்கள் புளியங்கூடலில் யாரையாவது பெரியாஸ்பத்திரியில் மறித்து வாட்டில் போட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தால், என்ன வருத்தம் என்று கேட்பதற்கு முன்னமே ஒரு கேள்வி எழும். "ஆர் நிக்கிறது?" பெண்கள் வாட் என்றால் பெண் ஒருத்திதான் கூட நிற்க வேண்டும். மகள்மார் கனடாவில் இருப்பார்கள். மருமகளுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும். தங்கைக்கு முழங்கால் நோகும். எல்லாருடைய நியாயங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முடிந்த பிறகு யாரோ ஒருவர் மெதுவாகச் சொல்வார்: "நாகபூசணியைக் கேட்டுப் பாருங்கோவன்."

கேட்டு அவர் மாட்டேன் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. கோழிகளைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார். சுடுதண்ணிப் போத்தல், ஒரு மக், இரண்டு சீலைத்துண்டு, ஓடிக்கலோன், விபூதிச் சரை. அந்தப் பை எப்போதும் கட்டினபடிதான் இருக்கும்.

நாகபூசணி அக்காவுக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. நயினாதீவு அம்மனுக்கு நேர்ந்து பிறந்தவர் என்பதால் அந்தப் பெயர். "பேர்தான் பூசணி, ஆள் முருங்கைக்காய்" என்று தன்னைத்தானே பகிடி பண்ணுவார். கலியாணம் செய்யவில்லை. பேசின காலத்தில் சண்டை, இடப்பெயர்வு, சீதனம் என்று ஒன்று மாறி ஒன்று வந்தது. எல்லாம் ஓய்ந்தபோது அவருக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஒற்றை ஆள், சிறிய வீடு, பத்துப் பன்னிரண்டு கோழி, கொஞ்சம் ஒடியல், கொஞ்சம் பனங்கிழங்கு. பிள்ளை குட்டி இல்லாதவர் என்றால் எங்கள் சனத்துக்கு ஒரு நினைப்பு, அவருக்கு வேலையும் இல்லை, அலுப்பும் இல்லை என்று.

நான் அவருக்குப் பக்கத்து வளவு. பெயர் நிலாந்தி. வேலணையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். எட்டு வருடத்துக்கு முன் எனக்குக் கழுத்தில் தைரொயிட் வெட்டியபோது ஐந்து நாள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தவர் அவர்தான். என் கூடப்பிறந்தவள் லண்டனிலிருந்து வாட்ஸ்அப்பில் அழுதுகொண்டிருந்தாள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அக்காவின் முறை வந்தபோது நான் போய் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி, பொறுப்பெல்லாம் என் தலையில் என்று சொன்னேன். அது உண்மையும்தான். லீவு கேட்டிருந்தால் அதிபர் தந்திருப்பார் என்பதும் உண்மை. நான் கேட்கவில்லை.

கூட நிற்பது என்றால் சும்மா கதிரையில் இருப்பது என்று நினைக்கிறவர்கள் ஒருநாளும் நின்றிராதவர்கள். எந்தத் தாதியிடம் எப்போது வாய் திறக்கலாம், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். சேலைன் முடிகிற நேரம் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, செய்தி காவத் தெரிய வேண்டும். புற்றுநோய் என்ற சொல்லை எங்கள் ஊரில் நோயாளியின் காதில் போடுவதில்லை. சனம் முந்திக்கொண்டு போய் வைத்தியரைக் கும்பிட்டுக் கேட்டுவிடும், "அவவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ, என்னட்டைச் சொல்லுங்கோ" என்று. வைத்தியர் என்ன செய்வார்? தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லுவார். கூட நிற்பவர் அதைக் கேட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கட்டிலடிக்குத் திரும்பி வந்து வேறொன்றைச் சொல்ல வேண்டும்.

இதில் நாகபூசணி அக்காவை வெல்ல ஆளில்லை. அதன் பக்குவத்தை ஒருமுறை எனக்கே விளங்கப்படுத்தியிருக்கிறார். "சும்மா ஒண்டுமில்லை எண்டு சொன்னா நம்பமாட்டினம், ரீச்சர். அதோட ஒரு சின்ன உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேணும். அல்சர்தான், வெட்டி எடுத்தாச்சு, உறைப்பு மட்டும் குறைக்கட்டாம். உந்த உறைப்பு இருக்கல்லோ, அதாலதான் நம்புவினம்."

அப்போது நானும் சிரித்தேன். என் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு, எனக்கு என்ன சொன்னவர் என்று ஒருகணம் யோசித்தும் பார்த்தேன்.

இந்த வேலையில் அவருக்கு ஒரே ஒரு காயம். ஆறு வருடத்துக்கு முன் அவருடைய தமக்கை பரிமளம் இரத்தமாகச் சத்தியெடுத்து விழுந்தார். வயிற்றில் கட்டி. அவசரமாக வெட்டினார்கள். தாழ்வாரத்தில் வைத்தியர் மறைக்காமல் சொன்னார், கசிவை நிற்பாட்டத்தான் முடிந்தது, பக்கத்தில் இருந்த நெறிக்கட்டிகளில் ஆறு மட்டும் எடுத்தோம், ஒரு வருடம் என்று மனதை ஆயத்தப்படுத்திக்கொள்ளுங்கள் என்று. அக்கா கட்டிலடிக்கு வந்து, அல்சர் என்றார். உறைப்பையும் சேர்த்துக்கொண்டார்.

பரிமளத்துக்கு ஒரே மகன், ஆரூரன். பிரான்சில் இருக்கிறான். வீட்டுக்கு வந்து சில மாதம் கழித்துப் பரிமளம் கேட்டாராம், "தங்கச்சி, அவனை ஒருக்கா வரச்சொல்லட்டோ?" அக்கா சொன்னாராம், "இப்ப ஏன் அவனைக் கரைச்சல் படுத்திறாய்? லீவு எடுத்துக்கொண்டு ஆவணியில நல்லூர்த் தேரோட வரட்டுமன்." அல்சர்காரிக்கு மகன் ஏன் ஓடி வர வேண்டும்? அந்தப் பொய்யைக் காப்பாற்ற அப்படித்தான் சொல்ல வேண்டியிருந்தது. பரிமளம் ஆனியில் செத்துப்போனார். ஆரூரன் எரித்து மூன்றாம் நாள் வந்து இறங்கினான். முற்றத்தில் நின்று ஒரு கேள்விதான் கேட்டான். "சின்னம்மா, உங்களுக்குத் தெரியும்தானே. ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அதன்பிறகும் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றார். பொய்யும் சொன்னார். வேறு வழி தெரியவில்லை என்றார்.

போன கார்த்திகையில் அவருக்கே சாப்பாடு இறங்கவில்லை. மூன்று வாய் சோற்றுடன் வயிறு நிரம்பின மாதிரி இருக்கும். மலம் தார் மாதிரிப் போனது. இத்தனை பேரோடு நின்றவருக்கு அது என்னவென்று தெரியாமல் இருக்குமா? தனியே போய் வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்த்தார். சதைத்துண்டின் முடிவு வந்த அன்று வைத்தியர், "ஆர் உங்களோட வந்தது?" என்று கேட்டிருக்கிறார். தாழ்வாரத்துக்குக் கூப்பிட ஆள் இல்லாதபடியால் புற்றுநோய் என்பதை அவரிடமே சொல்ல வேண்டியதாய்ப் போயிற்று. அதை அக்கா உடனே நம்பினார். "கெட்டதை ஆரும் பொய்யாச் சொல்லமாட்டினம்" என்றார் என்னிடம். ஏதோ காலநிலை பற்றிக் கதைப்பதுபோல் சொன்னார்.

தைப்பொங்கல் கழிந்த கிழமை ஒப்பரேசன். யார் நிற்பது என்ற கேள்வி ஊரில் எழவேயில்லை. நாகபூசணியைக் கேட்கலாம் என்று சொல்ல முடியாதே. அவர் நின்று பார்த்த வீடுகளை நான் விரல்விட்டு எண்ணினேன், பத்தொன்பது வந்தது. ஆளுக்கொரு நாள் என்றாலும் பத்தொன்பது நாள் நிற்கலாம். நான் உட்பட எல்லாரும் போனில் சுகம் விசாரித்தோம். வேலணையில் பிரதேச செயலகத்தில் வேலை செய்கிற அவருடைய தமையன் மகன் சிவகரன் மட்டும், வெட்டுகிற அன்று வந்து வெளியில் நின்றான், பிறகு வீட்டுக்கு விடுகிற அன்றும் வந்தான். ஆம்பிளைப் பிள்ளை, பெண்கள் வாட்டுக்குள் இருக்க விடமாட்டார்கள். இடையில் ஒன்பது நாள் அவர் தனியே கிடந்தார். பக்கத்துக் கட்டில்காரியோடு நின்ற ஒரு சிங்களப் பெண் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாளாம். அவளுடைய பேர்கூடக் கேட்கத் தெரியவில்லை என்று அக்கா வருத்தப்பட்டார்.

வயிற்றில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்திருந்தார்கள். வீட்டுக்கு விடுகிற அன்று சத்திரசிகிச்சை வைத்தியர் கட்டிலடியில் நின்று சொன்னார், நெறிக்கட்டி இருபத்தேழு எடுத்தோம், இரண்டில்தான் புற்று இருந்தது, நல்லபடி முடிந்திருக்கிறது, தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றுங்கள் என்று. சொல்லிவிட்டுச் சிவகரனைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். அக்கா கட்டிலில் இருந்தபடி கண்ணாடிக் கதவால் பார்த்தார். இரண்டு நிமிடம் கதைத்தார்கள். சிவகரன் தலையாட்டினான். திரும்பி வந்தான். வந்து, சுடுதண்ணிப் போத்தலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"ஒண்டுமில்லை மாமி. எல்லாம் வழிச்சு எடுத்தாச்சாம். உறைப்பு மட்டும் குறைக்கட்டாம்."

பாவம், அவன் உண்மையைத்தான் சொன்னான். வைத்தியர் அவனிடம் கேட்டது கிளினிக் கொப்பியில் போட ஒரு தொலைபேசி இலக்கம். உறைப்பு என்பது ஒரு தாதி சொல்லிவிட்டது. ஆனால் அந்த வசனம் யாருடையது? இருபது வருடம் அக்கா கட்டிலடிகளில் சொன்ன வசனம். அவரே செய்து, அவரே விற்ற பொருளை அவர் தலையிலேயே கட்டினால் வாங்குவாரா? இருபத்தேழு நெறி எடுத்திருக்கிறார்கள் என்றால் இருபத்தேழிலும் இருந்திருக்கிறது, இரண்டு என்பது நம்ப வைக்கச் சேர்த்த சின்ன உண்மை என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பரிமளத்துக்கு ஆறுதான் எடுத்தார்கள், அதற்கே அவர் பதினாலு மாதம்தான் இருந்தார். இருபத்தேழுக்கு எத்தனை மாதம் என்று அவர் ஒரு கணக்கும் போட்டு வைத்திருந்தார்.

தெல்லிப்பழைக்குக் குறித்த நாள் வந்தது, போனது. அவர் போகவில்லை. சாகப்போகிறவளுக்கு மருந்து ஏற்றி என்ன, தலைமயிர் கொட்டினதுதான் மிச்சமாகும் என்று நினைத்தார். எங்களிடம் அதைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கோழிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தார். முட்டை வாங்கப் போன எனக்கும் இரண்டு பேடு தந்தார். வளர்க்க ஏலாமல் இருக்கிறது என்றார். நானும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நாளுக்கு ஆறுதரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். ஒற்றை ஆளுக்கு ஆறுதரம் அடுப்பு மூட்டுவது லேசான வேலையா? காலையில் காய்ச்சின கஞ்சியைக் குசினியில் மூடி வைத்து மத்தியானமும் பின்னேரமும் அதையே குடித்தார். குடித்துவிட்டுக் கொஞ்சநேரம் வேர்த்து நெஞ்சு படபடக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருந்து, இது போய்விடும் என்று சொன்னால் போதும் என்றிருக்குமாம். அதைத்தான் மற்றவர்களுக்குத் தான் செய்தது என்றும், அது இவ்வளவு பெரிய விசயம் என்று தனக்கே அப்போதுதான் தெரிந்தது என்றும் சொன்னார்.

மாசியில் ஒருநாள் குறிகட்டுவானுக்குப் போய் வள்ளம் ஏறி நயினாதீவுக்குப் போனார். அம்மனிடம் சொல்லிக்கொண்டு வரலாம் என்று. கும்பிட்டுவிட்டு அன்னதானப் பந்தியில் இருந்தார். நாலு வாய் சோறு உள்ளே போனதும் தலை சுற்றியது. கை கழுவுகிற இடத்தில் சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டார். யாரோ ஒரு பெண் ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள். "அம்மா, ஆரோட வந்தனீங்கள்?"

"ஆக்கள் கோயிலுக்குள்ள நிக்கினம், பிள்ளை" என்றார் அக்கா.

அவள் போகாமல் நின்றாள், ஆட்கள் வரும்வரை இருப்பேன் என்றாள். இல்லாத ஆட்கள் எப்படி வருவார்கள்? கடைசியில் தூரத்தில் போன ஒரு குடும்பத்தைக் காட்டி, அதோ என் சனம் என்று சொல்லி எழும்பி, அவர்களுக்குப் பின்னால் நடந்து இறங்குதுறைக்கு வந்தாராம். இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பங்குனி தொடக்கத்தில் ஆரூரன் பிரான்சிலிருந்து எடுத்தான். தாய் செத்த பிறகு அவன் அடிக்கடி எடுப்பதில்லை.

"சின்னம்மா, சிவகரன் சொன்னவன் உங்களுக்கு ஒப்பரேசன் நல்லபடி முடிஞ்சுதெண்டு. ஒண்டுமில்லையாம் எண்டவன். உண்மைதானே?"

அக்கா போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"அப்ப சரி. எனக்கும் இப்ப லீவு எடுக்க ஏலாது. ஆவணியில வாறன், நல்லூர்த் தேரோட."

போனை வைத்த பிறகு அக்கா வெகுநேரம் கதிரையை விட்டு எழும்பவில்லையாம். தன் சாவு பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை இரண்டாவது தடவையும் மூன்றாம் நாள் வந்து முற்றத்தில் நிற்கப் போகிறானே என்ற நினைப்பு நெஞ்சைப் பிடித்தது. இப்போதே வா என்று சொல்ல வேண்டுமா, ஆவணி வரை இருக்கலாமா? அதைச் சொல்வதற்கு உண்மை தெரிய வேண்டும். உண்மையை யாரிடம் கேட்பது? தன்னிடம் யாரும் சொல்லமாட்டார்கள், தான் நோயாளி. கூட வந்தவரிடம்தான் சொல்லுவார்கள்.

அடுத்த கிளினிக் நாள், ஒப்பரேசன் முடிந்து ஏழாவது கிழமையில் வந்தது. முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து தெல்லிப்பழைக்கு இன்னொரு பஸ். சாயம் போன வீட்டுச் சீலையை விட்டுவிட்டு, கூட நிற்கப் போகிற நாளில் கட்டுகிற நீலச் சீலையைக் கட்டினார். பழைய பையையும் தூக்கினார். கொப்பியைக் கொடுத்துவிட்டு வெளியில் போட்டிருந்த நீள வாங்கில் உட்கார்ந்தார். சுற்றிவர எல்லா நோயாளிக்கும் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தது. யாரோ ஒருவருடைய மகள் தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பெயர் கூப்பிட்டார்கள். உள்ளே போனார். மேசையில் இருந்தது ஒரு இளம் வைத்தியர், கஜானி என்று பெயர், அக்காவை முன்பின் கண்டதில்லை.

"நாகபூசணி?"

"நாகபூசணி வெளியில வாங்கில இருக்கிறா, டொக்டர். தலை சுத்துதெண்டு சொல்லுறா. நான் கூட வந்தனான்."

"நீங்கள் அவவுக்கு என்ன முறை?"

அதை அவர் யோசித்து வைக்கவில்லை. "தங்கச்சி" என்று வாயில் வந்தது. நோயாளிகள் இருக்கிற கதிரை மேசையோடு காலியாக இருந்தது. அவர் அதில் இருக்காமல், கூட வந்தவர்கள் நிற்கிற இடத்தில், சுவரோரமாக நின்றார். "அவவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ, டொக்டர். என்னட்டை உள்ளதை அப்பிடியே சொல்லுங்கோ."

கஜானி கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். உள்ளே மடித்து வைத்திருந்த அறிக்கையை விரித்தார். பிறகு ஒரு தாளின் பின்பக்கத்தில் வயிற்றைக் கீறி, சுற்றிவரப் புள்ளி புள்ளியாய்க் குத்தினார்.

"வயித்தைச் சுத்தி நெறிகள் இருக்கு. வயித்தில புற்றுநோய் வந்தா, பரவேக்க அனேகமா முதல் இதுகளுக்குள்ளதான் போகும். அதால வயித்தோட சேர்த்து இதுகளையும் வழிச்சு எடுக்கிறது. அவவுக்கு இருபத்தேழு எடுத்து, ஒவ்வொண்டா வெட்டிப் பார்த்திருக்கினம். ரெண்டில இருந்தது. இருபத்தைஞ்சில இல்லை."

"இருபத்தேழு எடுத்ததெண்டா, இருபத்தேழிலயும் இருந்தபடியாத்தானே டொக்டர்?"

"இல்லை அம்மா. எடுக்கேக்க எதில இருக்கு, எதில இல்லையெண்டு கண்ணால பார்த்துச் சொல்ல ஏலாது. கூட எடுத்துப் பார்த்தாத்தான் எவ்வளவு தூரம் போயிருக்கெண்டு சரியாத் தெரியும். ஆகக் குறைஞ்சது பதினாறு நெறியெண்டாலும் பாக்கவேணும் எண்டுறது. கூட எடுத்தது பயப்பிடிற விசயமில்லை, நல்ல விசயம்."

"எங்கட மூத்தக்காவுக்கு ஆறுதான் எடுத்தவை. பதினாலு மாசத்தில போயிட்டா."

"என்னெண்டு வெட்டினது அவவுக்கு?"

"ரத்தமாச் சத்தியெடுத்து."

"ரத்தம் போகேக்க உயிரைக் காப்பாத்திறதுதான் முதல் வேலை, அம்மா. மற்றதுகளுக்கு நேரம் இருக்காது. இவவுக்கு நேரம் இருந்தது. ஆறுதலாச் செய்திருக்கினம்."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். "டொக்டர், ஒண்டு கேக்கிறன். ஆவணி வரைக்கும் இருப்பாவோ?"

கஜானி நிமிர்ந்து பார்த்தார். "இந்த ஆவணியோ? இந்த ஆவணிக்கு இருப்பா. நாங்கள் அஞ்சு வருசத்தைப் பற்றிக் கதைக்கிறம், அம்மா. அவவை மாதிரி ஒரு பத்துப் பேரை எடுத்தா, மருந்து ஏத்தாமலே ஆறு பேர் அளவில அஞ்சு வருசம் தாண்டுவினம். ஏத்தினா ஏழு பேர். திரும்பி வராதெண்டு நான் எழுதித்தர ஏலாது. வரவும் கூடும். ஆனா எட்டுக் கிழமைக்குள்ள மருந்தைத் தொடங்கினால்தான் நல்லது, இண்டைக்கு ஏழு கிழமை. ஏன் அவ போன தவணைக்கு வரேல்லை?"

"அவ நம்பேல்லை, டொக்டர்."

"எதை?"

"நல்லாயிருக்கெண்டு சொன்னதை."

கஜானி பேனையை மேசையில் வைத்தார். "சரி, உள்ள கூட்டிக்கொண்டு வாங்கோ, நான் கதைக்கிறன். மூண்டு கிழமைக்கொருக்கா எட்டுத்தரம் ஏத்த வேணும். சத்தி வரும், கைகால் விறைக்கும், குளிர்தண்ணி தொட ஏலாது. பக்கத்தில ஒராள் இருக்க வேணும். வீட்டில அவவோட ஆர் இருக்கினம்?"

பத்தொன்பது வீட்டுக்காரருக்குப் பொய் சொன்ன வாய். நயினாதீவில் முன்பின் தெரியாத பெண்ணுக்குக்கூட இல்லாத சனத்தைக் காட்டின வாய். அந்த அறையில் அது திறக்கவில்லை. யார் இருக்கிறார்கள் என்று அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாராம். சிவகரன், நான், பிரான்சில் இருக்கிற பிள்ளை என்று முகங்கள் வந்து போயினவாம். ஒரு பெயரையும் சொல்ல வரவில்லை.

"ஒருத்தரும் இல்லை, டொக்டர்" என்றார். "நாகபூசணி நான்தான்."

கஜானிக்கு முதலில் விளங்கவில்லை. வாசலைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

"அப்ப உங்களோட வந்தது ஆர்?"

"ஒருத்தரும் வரேல்லை. அதுதான் நானே வந்தனான்."

கோபப்படுவார் என்று அக்கா எதிர்பார்த்தார். வெளியில் இன்னும் நாற்பது பேர் இருக்கிறார்கள், அவர்களுடைய நேரத்தை வீணாக்கியாயிற்று. கஜானி எழும்பி வந்து, கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அந்தக் காலிக் கதிரையை இழுத்துப் போட்டார். அக்கா அதில் இருந்தார். இருந்தபோதுதான் தனக்கு எவ்வளவு களைப்பு என்று தெரிந்ததாம்.

"நோயாளிக்குச் சொல்லிப் போடாதேங்கோ எண்டு சொன்னனான்" என்றார் அக்கா. "இப்ப நோயாளி கேக்கிறன். சொல்லுவீங்களோ?"

கஜானி தன் கதிரைக்குப் போய், அதே தாளை எடுத்து முன்னால் வைத்து, முதலிலிருந்து தொடங்கினார். அதே புள்ளிகளைப் பேனையால் தொட்டார். இருபத்தேழு எடுத்தது என்றார். இரண்டில் இருந்தது என்றார். பத்துப் பேரில் ஆறு, மருந்து ஏற்றினால் ஏழு என்றார். ஒரு இலக்கமும் மாறவில்லை. அக்கா அந்த மற்ற வசனத்துக்காகக் காத்திருந்தார். கட்டிலடிக்கு வந்ததும் தான் எப்போதும் விழுங்கிவிடுகிற வசனம். இந்தப் பிள்ளையும் அதை விழுங்கிவிடும் என்றுதான் நினைத்தார்.

"திரும்பி வராதெண்டு நான் எழுதித்தர ஏலாது, அம்மா" என்றார் கஜானி. "வரவும் கூடும்."

அக்கா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஒப்பரேசன் அன்றும் அழாதவர். கஜானி அழவேண்டாம் என்று சொல்லவில்லை, பார்த்துக்கொண்டு இருந்தார். கதவைத் தட்டின தாதியைக் கையால் நிற்கச் சொன்னார்.

"போதும், டொக்டர்" என்றார் அக்கா, முகத்தைத் துடைத்தபடி. "இனி நம்புறன். மருந்துக்கு எப்ப வரவேணும்?"